மறைந்த சங்கிலியை அளப்பது: ஆய்வுக்கு வந்திருக்கும் தங்கைக்கு



மார்க்கோவ் சங்கிலியின் என்ட்ரோபி வீதத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி விடை இருக்கிறது. அதே சங்கிலியை இரைச்சல் வழியே பார்த்தால் மட்டும் ஏன் எந்தச் சூத்திரமும் கைக்கு வருவதில்லை என்று கேட்டிருந்தாய். உன் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சூத்திரத்தைத் தேடியே முதல் வருடத்தைக் கழித்துவிடாதே. தாளை எடு, மிக எளிய ஒரு சங்கிலியைக் கையால் போட்டுப் பார்.

நிலைகள் இரண்டு: 0, 1. ஒவ்வோர் அடியிலும் நிலை மாற நிகழ்தகவு 0.1. சங்கிலியை நேரே பார்க்க முடிந்தால் அதன் வீதம் குறிக்கு 0.469 பிட். இப்போது ஒவ்வொரு குறியும் 0.01 நிகழ்தகவில் தவறாகப் பதிவாகட்டும். இனி நீ பார்க்கும் வரிசை மார்க்கோவ் அல்ல. அடுத்ததைக் கணிக்க முந்தைய குறி மட்டும் போதாது; பழைய குறி ஒவ்வொன்றும் கொஞ்சம் சேதி வைத்திருக்கிறது.

டேவிட் பிளாக்வெல் 1957-ல் வெளியான கட்டுரையில் இதைத்தான் பிடித்தார். மறைந்த நிலையைத் துரத்துவதை விட்டுவிட்டு, இதுவரை கண்ட குறிகளை வைத்து அந்த நிலையைப் பற்றி நமக்கு இருக்கும் நம்பிக்கையைப் பின்தொடர்ந்தார். அந்த நம்பிக்கை ஓர் எண். குறி வரவர அது நகர்கிறது. அந்த நகர்வு மார்க்கோவ். அது காலப்போக்கில் எங்கெங்கே எவ்வளவு தங்குகிறது என்ற பரவலின் மேல் ஒரு தொகையீடு போட்டால் என்ட்ரோபி வீதம் கிடைக்கும். சிக்கல் அந்தப் பரவலில்தான். வழக்கமான அடர்த்திச் சார்பு ஏதும் இல்லாமல், ஓட்டை ஓட்டையான ஒரு கணத்தின் மேல் அது உட்கார்ந்திருக்கக்கூடும். இந்த வீதம் இயல்பிலேயே சிக்கலானது என்பது பிளாக்வெல்லுக்கே தோன்றியிருந்தது. சூத்திரம் இல்லாதது உன் குறை அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

1962-ல் பர்ச் காட்டிய வழி உனக்கு இப்போது உதவும். தொடக்க நிலை தெரியும் என்று வைத்துக் கணக்கிட்டால் கீழ்வரம்பு; தெரியாது என்று வைத்தால் மேல்வரம்பு. உண்மை இரண்டுக்கும் நடுவில். நம் சங்கிலியில் தொடக்க நிலை 0 என்று தெரிந்தால், அடுத்து 1 தென்பட நிகழ்தகவு 0.108, அதன் என்ட்ரோபி 0.494. நிலை தெரியாமல் முதல் குறி மட்டும் தெரிந்தால், அடுத்த குறி வேறாக இருக்க 0.116, என்ட்ரோபி 0.517.

இன்னும் ஓர் அடி வை. தொடக்க நிலை 0. அடுத்த குறி 0 என்றால், மறைந்த நிலையும் 0 என்ற நம்பிக்கை 0.999. குறி 1 என்றால்? நிலை உண்மையாகவே மாறிச் சரியாகப் பதிவாக 0.099, மாறாமலே தவறாகப் பதிவாக 0.009. பதினொன்றுக்கு ஒன்று. ஆக, நிலை இன்னும் 0-தான் என்ற ஐயம் 0.083. பதிவில் பிழை நூற்றில் ஒன்றுதான், ஆனால் எதிர்பாராத குறி வரும்போது ஐயம் நூற்றில் எட்டுக்கும் மேல். இந்த இடத்தில் நின்று நிதானமாக யோசி. பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு வகைக்கும் அடுத்த குறியின் என்ட்ரோபி 0.497, 0.665. எடை போட்டுக் கூட்டினால் கீழ்வரம்பு 0.5147. இதே போல மேல்வரம்பு 0.5150. ஒரே அடியில் இடைவெளி 0.023-லிருந்து 0.0003-க்கும் கீழே வந்துவிட்டது!

நூற்றில் ஒரு பங்கு இரைச்சல் வீதத்தை ஏறத்தாழ பத்து சதவீதம் உயர்த்தியிருப்பதையும் கவனி. இரைச்சல் மிகச் சிறிதாக இருக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு ஜாக்கே, செரூசி, ஸ்பான்கோவ்ஸ்கி மூவரும் முதல் படித் திருத்தம் தந்திருக்கிறார்கள். நம் சங்கிலிக்கு அது 0.520 என்கிறது, நம் மேல்வரம்பையே தாண்டிவிடுகிறது. அவர்கள் கணக்கு சரிதான். ஒரு சதவீதம் இந்தச் சங்கிலிக்குச் சிறிய எண் இல்லை, அவ்வளவே. தொடர் விரிவு எதைப் படித்தாலும் பக்கத்திலேயே இந்த இரண்டு வரம்புகளையும் எழுதி வைத்துக்கொள்.

நீண்ட வரிசையைக் கணினியில் உருவாக்கி, அதன் நிகழ்தகவின் மடக்கையை மைனஸ் குறியோடு எடுத்து நீளத்தால் வகுப்பது நல்ல முறைதான். நிலைகள் பெருகினால் அதுவே கை கொடுக்கும். கைக்கணக்குக்குப் பிறகு அதற்குப் போ.

எதற்கு இவ்வளவு பாடு என்று யாராவது கேட்டால், கில்பர்ட்டின் 1960 கட்டுரையைக் காட்டு. கொத்துக் கொத்தாகப் பிழை வரும் தடத்துக்கு அவர் வைத்த மாதிரியில், பிழை வரிசையே ஒரு மறைந்த மார்க்கோவ் சங்கிலி. அதன் என்ட்ரோபி வீதத்தை ஒன்றிலிருந்து கழித்தால் தடத்தின் கொள்ளளவு. இந்த எண் தெரியாமல் அந்தத் தடத்தில் எவ்வளவு அனுப்பலாம் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, மாற்ற அணியில் பூஜ்யம் உள்ள சங்கிலியை எடு. எல்லா மாற்றங்களும் சாத்தியம் என்றால் வீதம் சீரான சார்பு என்று ஹான், மார்க்கஸ் 2006-ல் நிறுவினார்கள். 1-க்குப் பின் 1 வரவே கூடாது என்று விதித்துப் பார். காந்த வட்டுகளில் இத்தகைய கட்டுப்பாடுகளோடுதான் எழுதினார்கள். துளி இரைச்சல் பட்டாலும் நடக்கவே முடியாத 11 கண்ணில் படும்; இரைச்சல் பூஜ்யத்தை நெருங்கும்போது வீதத்தின் சாய்வு முடிவிலிக்கு ஏறும். அதற்கும் முதல் இரண்டு வரம்புகளைப் போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்