அரை மணி நேரத்தில் மாட்டித் தரும் கண்ணாடி

கேள்வி: லாரி டயரிலிருந்து தெறித்த கல் பட்டு என் காரின் முன்கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. உள்ளூர்க் கடையில், "ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கண்ணாடி சார், அரை மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு போகலாம்" என்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் காலையில் விட்டால் மாலையில்தான் தருவார்களாம். அதே கண்ணாடிதானே, எதற்குக் காத்திருக்க வேண்டும்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அவசியம் காத்திருங்கள். பசை காய்வதற்குத்தான் அந்த நேரம்.

அம்பாசடர் காலத்தில் முன்கண்ணாடி ரப்பர் பீடிங்கில் செருகி நின்றது. இன்றைய கார்களில் அதை பாலியூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டிவிடுகிறார்கள். கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. ஏர்பேக் விஷயம் இன்னும் முக்கியமானது. பல கார்களில் முன்சீட் பயணியின் ஏர்பேக் டாஷ்போர்டிலிருந்து மேல்நோக்கி விரிந்து, கண்ணாடியில் முட்டி, அதன் பலத்தில்தான் பயணியின் பக்கம் வருகிறது. பசை இறுகாத கண்ணாடி அந்த வேகத்தில் வெளியே பெயர்ந்துவிடலாம். பிறகு ஏர்பேக் இருந்தும் பயனில்லை. நம் நாட்டில் 2021 முதல் படிப்படியாக முன்சீட் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமாகியிருப்பதால், இது சின்ன கார் வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

கடைக்காரர் சொல்லும் முத்திரை தேவைதான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி, முன்கண்ணாடி லேமினேட்டட் வகையாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால், அந்த முத்திரை கண்ணாடியின் தரத்துக்குத்தான். ஒட்டிய வேலைக்கு அல்ல. அமெரிக்காவில் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 212 என்ற விதி, ஏர்பேக் உள்ள கார் மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் மோதினாலும், கண்ணாடியின் இடம், வலம் இரு பாதியிலும் விளிம்பில் 50 சதவீதமாவது பிடிப்பு விடாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. கண்ணாடி மாற்றும் வேலைக்கென்றே தனித் தரநிலையும் அங்கே உண்டு.

எங்கே மாற்றினாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய பசையை மெல்லிய படலமாக விட்டுச் சீவ வேண்டும். அப்போது பெயின்ட் கீறி இரும்பு தெரிந்தால் பிரைமர் பூசாமல் விடக்கூடாது; துருப்பிடித்தால் பசை அதோடு சேர்ந்து உரிந்து வரும். ஒட்டும் இடத்தில் வெறும் விரல் படக்கூடாது. சிலிக்கான் டியூபை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பசை டியூபின் காலாவதி தேதியைப் பாருங்கள். எவ்வளவு நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பதை அந்தப் பசைத் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் தயாராகும் பசையும் உண்டு. பல மணி நேரம் கேட்பதும் உண்டு. இந்தப் பசை காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும் என்பதால் வறண்ட நாளில் தாமதமாகும். கண்ணாடி மாற்றிய அன்று முழுக்கப் பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கியே வையுங்கள். கதவை அறைந்து சாத்தினால் உள்ளே எழும் காற்றழுத்தம் புதுப் பசையைத் தள்ளும். பிரஷர் வாஷ் இரண்டு நாள் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார் என்றால் அதை மறுபடி அளவு திருத்தச் சொல்லுங்கள்.

பசையின் பெயரையும் காத்திருக்க வேண்டிய நேரத்தையும் பில்லில் எழுதித் தர மறுக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.