முப்பரிமாண அச்சும் நம் சங்கங்களும்

சிதறால் மலைமேல் சென்றவர்கள் அங்குப் பாறை முகத்தில் வரிசையாய் அமைந்துள்ள சமணத் தீர்த்தங்கரர் உருவங்களைக் கண்டிருப்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் அவ்வுருவங்களைச் செய்த சிற்பி, வேண்டாத கல்லை உளியால் நீக்கி வேண்டியதை நிறுத்தினான். தச்சர் இழைப்பதும் பட்டறையில் கடைவதும் இவ்வழியைச் சேர்ந்தவையே. இதற்கு மாறான வழியும் நமக்குப் புதிதன்று. மண்சுவர் வைப்பவர் ஒரு வரிசை மண்ணை வைத்து, அது இறுகிய பின்னரே அடுத்த வரிசையை ஏற்றுகிறார். அங்கே பொருள் கூடிக் கூடி உருப் பெறுகிறது. முப்பரிமாண அச்சு என்று இந்நாளில் வழங்குவது இந்த இரண்டாம் வழியே ஆகும்.

அச்சு என்றதும் தறியிலுள்ள அச்சையோ புத்தக அச்சையோ எண்ணுதல் வேண்டா. காகிதத்தில் மை பதியும் அச்சுக்கு நீளமும் அகலமும் உண்டு. இதற்கு உயரமும் உண்டு என்பதே பெயர்க் காரணம். இதன் வேலையை நெசவாளர்க்கு விளக்குவது எளிது. ஜக்கார்டுப் பெட்டியில் துளையிட்ட அட்டையானது, ஒவ்வோர் ஊடைக்கும் எந்தப் பாவு இழைகள் எழ வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஊடைமேல் ஊடையாகச் சேலையில் பூ மலர்கிறது. அவ்வாறே கணினி, செய்ய வேண்டிய பொருளின் வரைபடத்தை மெல்லிய தகடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு தகட்டிலும் எங்கே பொருள் இருக்க வேண்டும், எங்கே வெற்றிடம் வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்கிறது. சிறு இயந்திரங்களில் 1.75 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக் இழை ஒன்று, ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் உருகி, நுண்ணிய மூக்கின் வழியே கோடு கோடாய்ப் படிகிறது. ஓர் அடுக்கின் கனம் 0.2 மில்லிமீட்டர் என்றால், 4 சென்டிமீட்டர் உயரமுள்ள பொருளுக்கு 200 அடுக்குகள் தேவை. எனவே வேலை மெதுவாகவே நடக்கும்; ஒரு சிறு கப்பிக்குக்கூட மணிக்கணக்கு ஆகலாம்.

அவ்விழைகளுள் ஒருவகை மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றின் மாவு, சர்க்கரையிலிருந்து செய்யப்படுவது. நம் மரச்சீனி மாவிலிருந்தும் அதைச் செய்ய இயலும் என்பதை விவசாய அங்கத்தினர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அமெரிக்கரான சக் ஹல் என்பார், ஒளி பட்டால் இறுகும் திரவத்தைக் கொண்டு இம்முறையை அமைத்து 1986இல் காப்புரிமை பெற்றார். இழையை உருக்கும் முறை ஸ்காட் கிரம்ப் என்பவருடையது. அதன் அடிப்படைக் காப்புரிமை 2009இல் முடிவுற்றது. அதற்கு முன்பே, 2005இல், இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போயர், யாவரும் செய்துகொள்ளத்தக்க இயந்திரத்தின் வரைபடங்களை விலையின்றி வெளியிடும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். இவ்விரண்டும் சேர்ந்தே விலையை வீழ்த்தின. பெருங்கம்பெனிகள் மட்டும் வைத்திருந்த கருவி, இன்று இருபது முப்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

நம் நாட்டில் இதன் பெரிய வடிவங்களையும் காண்கிறோம். காஞ்சிபுரத்தில் எல் அண்டு டி நிறுவனம் 2020இல் 700 சதுர அடியில் ஒரு மாடிக் கட்டடத்தை 106 மணி நேர அச்சில் எழுப்பியது. தளங்கள் மட்டும் பழைய முறையில் அமைந்தன. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில், அங்குப் படித்தவர்கள் தொடங்கிய துவஸ்தா நிறுவனம் கட்டிய அச்சு வீடு 2021 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அக்னிகுல் என்னும் சென்னை நிறுவனம், இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினைக் கொண்டு 2024 மே 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் செலுத்தியது.

ஆயினும் நமக்குப் பாடமாவது ராக்கெட் அன்று. காது கேட்கும் கருவியே. ஒருவர் காதுபோல் மற்றொருவர் காது இராது. ஆகவே காதுக்குள் பொருந்தும் அதன் கூட்டை இன்று உலகெங்கும் பெரும்பாலும் அச்சிட்டே செய்கிறார்கள். ஒரே மாதிரி பதினாயிரம் வாளி வேண்டுமெனில் வார்ப்பச்சே மலிவு. ஒன்றே ஒன்று, அதுவும் தனி அளவில் வேண்டுமெனில், அங்கேதான் இவ்வியந்திரம் வெல்கிறது.

நம் தறிகளும் காதுகளைப் போன்றவையே. உள்ளூர்த் தச்சர் செய்தபடியால் ஒன்றின் அளவு மற்றொன்றில் பொருந்துவதில்லை. தார் சுற்றும் ராட்டையின் கப்பியோ, ஜக்கார்டுப் பெட்டியின் சிறு பாகமோ உடைந்தால், செய்த பட்டறை மூடிப் பல்லாண்டு ஆகியிருக்கும். பாகத்தின் விலை சொற்பம். அது வரும்வரை தறி நிற்க, கூலி போவதே நஷ்டம். இழை கிலோ ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் என்றால், 20 கிராம் கப்பிக்கு இழைச் செலவு 20 ரூபாய்தான். தோட்டக்காரர்க்கும் மருந்து தெளிப்பானின் குமிழ், சொட்டுநீர்க் குழாயின் இணைப்பு முதலியன இவ்வாறு கிடைக்கும். ரப்பர் பால் பிடிக்கச் சிரட்டை இருக்கையில் கிண்ணம் அச்சிடப் புகுவது மட்டும் வீண் ஆசை.

ஓடும் நாடாவை அச்சிடுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. அடிபடும் பொருள் அடுக்கும் அடுக்கும் சேரும் இடத்தில் பிளக்கும். நாடாவுக்கு வேண்டிய கனமும் வழுவழுப்பும் மரத்திலேயே உண்டு. மேலும், மேற்சொன்ன மாவிழைப் பொருள் 60 பாகை வெப்பத்தை ஒட்டி இளகத் தொடங்கும். அதை வெயிலில் போட்டு வைக்கலாகாது.

ஒரு நெசவாளர் தனியே இயந்திரம் வாங்கினால் அது பெரும்பகுதி நாள் சும்மா கிடக்கும். பல சங்கங்கள் கூடி ஒன்றை வைத்து, இயக்க ஓர் இளைஞரைப் பழக்கினால் முதலுக்கு மோசமில்லை. இயந்திரத்தினும் மதிப்புள்ளது வரைபடம். ஒரு சங்கத்தில் ஒருமுறை வரைந்த கப்பியை மற்றச் சங்கம் மறுபடி வரைய வேண்டியதில்லை. திருத்தி எடுத்துக்கொண்டால் போதும். இயந்திரம் வரும்வரை காத்திராமல் அளவெடுக்கும் வேலையை இப்போதே தொடங்கலாம். உடைந்த பாகத்தில் சரியான அளவு கிடைப்பது அரிது. ஆதலால் அங்கத்தினர்கள் தத்தம் தறியில் அடிக்கடி பழுதாகும் பாகங்கள் முழுமையாய் உள்ளபோதே அவற்றைக் கழற்றி, வெர்னியர் அளவுகோலால் நீளம், விட்டம், துளை ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறித்து, தறி எண்ணோடு சங்கக் காரியாலயத்தில் ஒப்படைக்க வேண்டுகிறோம்.