தடிமன் இருந்தால் வலு இருக்குமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 20. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. பவர் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. லேசிக் செய்துகொள்ள ஆசையோடு போனான். கருவிழியின் தடிமன் போதுமாம். ஆனால் ‘வலு சந்தேகமாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணில் ‘டப்’ என்று காற்றை அடித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்களாம். தடிமன் இருந்தும் வலு எப்படி இல்லாமல் போகும்? காற்றடித்ததால் கண்ணுக்குக் கெடுதல் வராதா? பையன் சோர்ந்துபோய்க் கிடக்கிறான்.
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். அந்தக் காற்று கண்ணைக் கெடுக்காது. இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்ன டாக்டர், உங்கள் மகனின் பார்வையைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். கண்ணுக்குள் வரும் ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அதுதான் செய்கிறது. உள்ளிருக்கும் நீரின் அழுத்தம் சதா வெளியே தள்ள, தன் வளைவு மாறாமல் அது தாங்கி நிற்கிறது. அந்த வலுவைத் தருபவை கொலாஜன் என்ற புரத இழைகள். கோரைப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பியதுபோல, இருநூறுக்கும் மேற்பட்ட அடுக்குகளாக அவை அமைந்திருக்கின்றன. இரண்டு பாய்கள் ஒரே கனமாக இருந்தாலும், ஒன்றில் பாவு நூல் இற்றுப்போயிருக்கலாம். கனத்தை அளந்தால் அது தெரியாது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வலுவிழந்த கருவிழி நாளடைவில் மெலிந்து, கூம்புபோல் முன்னே தள்ளும். இதைக் கெரட்டோகோனஸ் என்கிறோம். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். லேசிக்கில் கருவிழியின் மேல்பகுதியை மெல்லிய மடலாகக் கிளப்பி, அடியில் லேசரால் செதுக்குகிறோம். ஏற்கெனவே தளர்ந்ததைச் செதுக்கினால், பின்னாளில் அது புடைத்துக்கொண்டு பார்வை மங்கும். 1998-ல் தியோ சைலர் என்ற கண் மருத்துவர் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதினார். அந்த எச்சரிக்கையை நாங்கள் மறப்பதில்லை.

ஆய்வகத்தில் என்றால், தானமாக வந்த கண்ணிலிருந்து ஒரு கீற்றை வெட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்து வலுவை அளப்பார்கள். உங்கள் மகனின் கண்ணில் அது முடியுமா? மாம்பழம் கனிந்துவிட்டதா என்று பார்க்க நீங்கள் அதை வெட்டுவதில்லை. விரலால் லேசாக அமுக்குகிறீர்கள். இங்கே காற்றுதான் விரல்.

அந்த ‘டப்’ சத்தத்தின்போது நடந்ததைச் சொல்கிறேன். கார்விஸ் என்ற கருவியில் நொடிக்கு 4,330 படம் எடுக்கும் கேமரா இருக்கிறது. காற்று பட்டதும் கருவிழி முதலில் தட்டையாகும். பிறகு சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழியும். திரும்பும் வழியில் மறுபடி தட்டையாகி, பழைய வளைவுக்கு வந்துவிடும். நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில், இமை மூடுவதற்குள், 140 படங்கள் பதிவாகிவிடும். தளர்ந்த கருவிழி சட்டென்று ஆழமாகக் குழியும். வலுவானது எதிர்த்து நிற்கும். 2005-ல் டேவிட் லூஸ் அறிமுகப்படுத்திய இன்னொரு முறை, இரண்டு தடவை தட்டையாகும்போதும் இருந்த காற்றழுத்தங்களின் வித்தியாசத்தைக் கணக்கிடுகிறது. நல்ல கண்ணில் அது சுமார் 10 மி.மீ. பாதரச அளவு இருக்கும்.

காற்றுகூடப் படாமல் அளக்கும் வழியும் வந்திருக்கிறது. எந்தப் பொருளுக்குள்ளும் மிக நுண்ணிய ஒலி அலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் துளி மாறும் என்று 1922-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் பிரில்லுவன் சொன்னார். அந்த மாற்றத்தைக் கொண்டு கருவிழியின் உறுதியைக் கணிக்கும் முறையை ஹார்வர்டில் ஸ்கார்செல்லியும் யுன்னும் உருவாக்கி, 2012-ல் உயிருள்ள மனிதக் கண்ணில் செய்து காட்டினார்கள். கெரட்டோகோனஸில் கருவிழி முழுவதும் தளர்வதில்லை; கூம்பின் இடத்தில்தான் அதிகம் தளர்கிறது. காற்றுச் சோதனை மொத்தத்துக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. இந்த ஒளியோ, எந்த இடம் தளர்ந்திருக்கிறது என்று புள்ளி புள்ளியாகக் காட்டுகிறது.

ஆனாலும் ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. கண்ணழுத்தம் கூடுதலாக இருந்தால், தளர்ந்த கருவிழியும் காற்றுக்கு முன் விறைப்பாக நிற்கும். ஒளி முறையில் திசுவிலுள்ள நீரின் அளவும் கணக்கை மாற்றும். அதனால்தான் வளைவின் வரைபடம், தடிமன், கண்ணழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். ஆறு மாதக் கெடுவும் அதற்காகத்தான். அடுத்த முறை போகும்போது பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். கூடுமானவரை அதே கருவியில் சோதியுங்கள். எண் மாறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

நோய் முன்னேறுவது தெரிந்தால், ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சி, இழைகளை ஒன்றோடொன்று இறுக்கும் சிகிச்சை இருக்கிறது. அது பெரும்பாலும் நோயை நிறுத்தும். இழந்த வடிவத்தை முழுதாக மீட்டுத் தராது. முன்கூட்டியே தெரிந்துகொள்வதன் அருமை அதில்தான் இருக்கிறது.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா? உண்டென்றால் இன்றே விடச் சொல்லுங்கள். அரிப்பு இருந்தால் சொட்டு மருந்து கேட்டு வாங்குங்கள். இற்றுக்கொண்டிருக்கும் இழையை மேலும் இற்றுப்போகச் செய்வது அந்தக் கசக்கல்தான். கண்ணாடி இன்னும் கொஞ்ச நாள் மூக்கில் இருந்துவிட்டுப் போகட்டும்.