பார்ட்டி நடத்திப் பிழைக்கலாமா?

கேள்வி: பார்ட்டி ஏற்பாட்டாளராகவும் தொகுப்பாளராகவும் முழுநேரத் தொழில் செய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் மைக்குக்கு முன் கணக்கு நோட்டை எடுங்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பின் பொது அறையில் நடந்த பார்ட்டியில்தான் ஹிப்-ஹாப் பிறந்ததாகச் சொல்வார்கள். இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க் புகழ்பெற்றார். ஏற்பாடு செய்தவரோ அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல். பள்ளிக்குப் புதுத்துணி வாங்கப் பணம் தேவைப்பட்டது. அழைப்பு அட்டைகளைக் கையால் எழுதினார், பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம் வைத்தார். (இன்றைய கிளப்புகளின் தந்திரம் அப்போதே இருந்திருக்கிறது!) ஹெர்க்கின் திறமை இல்லாமல் எதுவும் நடந்திருக்காதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் திறமை கூட்டத்தை ஆடவைக்கும். அறையையும் அழைப்பையும் கட்டணத்தையும் வேறொருவர்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த வேறொருவரின் வேலையைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். எத்தனை டிக்கெட் விற்றால் வாடகை தேறும் என்று தெரியாமல் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.