பாய்லருக்குப் பகை, வயிற்றுக்கு நட்பு!



முதலாம் ஆண்டு வேதியியலில் கடின நீர் பாடம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் பாய்லரில் செதிலாகப் படியும், சோப்பு நுரைக்காது என்று மனப்பாடம் பண்ணி எழுதினோம். அந்தக் கால்சியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன். என் முன்பற்களில் காவிக் கறை. சாம்பல், செங்கல்தூள் என்று எதைப் போட்டுத் தேய்த்தும் போகலை. "தண்ணி அப்படிடா" என்பார் பாட்டி. பாட்டி சொன்னது சரிதான். போர் தண்ணீரில் இருந்தது புளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பல் உருவாகும் சிறு வயதில் அதற்கு மேல் சேர்ந்தால் பல்லில் கறை விழும். மிக அதிகமாகப் பல வருடம் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகிப் போகும்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

இரைப்பை அமிலத்தில் புளோரைடு, ஹைட்ரஜன் புளோரைடாக மாறிச் சுலபமாக ரத்தத்துக்குள் போய்விடுகிறது. மீதி சிறுகுடலில் ஏறுகிறது. வெறும் வயிறாக இருந்தால் ஏறக்குறைய முழுவதும் உள்ளே போகும். உடம்பில் தங்குவதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான்.

வயிற்றில் கால்சியம் இருந்தால் கதை மாறும். லேபில் கால்சியம் குளோரைடு கரைசலில் சோடியம் புளோரைடை ஊற்றினால் வெள்ளையாக வீழ்படிவு இறங்குமே, அதேதான் குடலிலும்! கால்சியம் புளோரைடு லேசில் கரையாது; பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். மெக்னீசியமும் அலுமினியமும் இதுபோலவே புளோரைடைப் பிடித்துக்கொள்ளும். 1979-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோடியம் புளோரைடு மாத்திரையைப் பாலோடு கொடுத்தபோது சுமார் 70 சதவீதமும், கால்சியம் மிகுந்த காலை உணவோடு கொடுத்தபோது சுமார் 60 சதவீதமுமே உடலில் சேர்ந்தது.

ஆக, ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற இரண்டு பேரில் பால், மோர், கீரை, கேழ்வரகு சாப்பிடுகிறவருக்குக் கொஞ்சம் காப்பு உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. களியை விட்டுவிட்டு மூன்று வேளையும் சோறுதான் கௌரவம் என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

மறக்கக் கூடாதது

70 சதவீதம் என்றால் பாதிக்கு மேல் உள்ளே போகிறது என்றுதானே அர்த்தம்? சாப்பாடு துணைதான், தண்ணீரை மாற்றுவதே தீர்வு. எங்கள் பக்கத்துக்கு 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. குழாயில் தண்ணீர் வராத நாளில் அம்மா போர் தண்ணீரைக் காய்ச்சி அக்கா குழந்தைக்குக் கொடுத்து வந்தார். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இதை விளக்கிச் சொன்னதும், குழாய்த் தண்ணீரைக் குழந்தைக்கென்று தனிக் குடத்தில் பிடித்து வைக்கிறார் அம்மா. என் கறை இனிப் போகாது. குழந்தைக்கு வராமல் இருக்கட்டும்.

நண்பர்களே, இந்த விடுமுறையில் உங்கள் ஊர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். படித்த படிப்பு முதலில் நம் வீட்டுக் குடத்துக்குப் பயன்படட்டும்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை