மாதிரி முதலில், கருவி பிறகு

நிலைத்த ஐசோடோப்பு ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பலர் கருவியைப் பார்த்துத்தான் தலைப்பைத் தேர்கிறார்கள். துறைக்கு லேசர் பகுப்பாய்வி வந்துவிட்டால் அதற்கேற்ற கேள்வி தேடப்படுகிறது. வாங்கிய கருவி சும்மா கிடக்கக் கூடாது என்று நெறியாளரும் அதையே வலியுறுத்துகிறார். முறைப்படி முதலில் கேட்க வேண்டியது, அளக்கப்போகும் மாதிரி எது என்பதைத்தான். எலும்பு, இலை, வண்டல் ஆகியவற்றின் கார்பனும் நைட்ரஜனும் வேண்டுமானால், வெள்ளீயச் சிமிழில் மாதிரியை மடித்து எரித்து, வரும் வாயுவை நிறை நிறமாலைமானியில் அளப்பதே வழி. ஸ்ட்ரான்சியமும் ஈயமும் என்றால் பல சேகரிப்பான்கள் கொண்ட ஐசிபி (பிளாஸ்மா) நிறை நிறமாலைமானி. இவற்றில் குழப்பமே இல்லை.

குழப்பம் நீரில்தான். லேசர் கருவியின் சிறு குழிக்குள் ஒளி கண்ணாடிகளுக்கிடையே பல கிலோமீட்டர் ஓடுகிறது. நீராவி அதை உறிஞ்சும் விதத்திலிருந்து டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18உம் ஒரே ஓட்டத்தில் கிடைக்கின்றன. ஹீலியம் வேண்டாம், உயர் வெற்றிடம் வேண்டாம். மழை, ஆறு, கிணற்று நீருக்கு இது தாராளமாகப் போதும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையில் கனமான ஐசோடோப்புகள் தென்மேற்கு மழையைவிடக் குறைவு. ஒரு கிணற்றை நிரப்பியது எந்த மழை என்று பிரித்தறிய உதவும் அந்த வேறுபாடு சில பெர்மில் (ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை போகும். கருவியோ பத்தில் ஒரு பெர்மில் அளவுக்குத் துல்லியம் காட்டும்.

இந்த எளிமையை நம்பி இலை, தண்டு, மண் ஆகியவற்றிலிருந்து பிரித்த நீரையும் அதே கருவியில் செலுத்துவதுதான் இன்றைய பெரிய தவறு. வெற்றிடத்தில் சூடாக்கி உறையவைத்துப் பிரிக்கும்போது நீரோடு மெத்தனால், எத்தனால் போன்றவையும் வந்துவிடுகின்றன. நீர் உறிஞ்சும் அலைநீளத்திலேயே அவையும் உறிஞ்சுவதால், கருவி தயங்காமல் தவறான எண்ணைத் தருகிறது. ஆக்சிஜனிலேயே பத்துப் பெர்மிலைத் தாண்டிய பிழைகள் பதிவாகியுள்ளன. மரம் எந்த ஆழத்து நீரைக் குடிக்கிறது என்ற கேள்விக்குத் தண்டு நீரை மண்ணடுக்குகளின் நீரோடு ஒப்பிட்டு விடை காண்கிறார்கள். அங்கே ஆல்ககால் விளைவித்த விலகலை வேரின் ஆழமாகப் படித்துவிட்டால் முழு ஆய்வேடும் சரியும். மாசுள்ள மாதிரியை மென்பொருள் சுட்டிக்காட்டுமே என்பார்கள். சந்தேகத்தைச் சுட்டுவது வேறு, சரியான மதிப்பைத் தருவது வேறு. திருத்தச் சமன்பாடும் அதை உருவாக்கப் பயன்பட்ட சேர்மங்களுக்கே பொருந்தும். முந்தைய மாதிரியின் எச்சமும் கருவியில் தங்குவதால், முதல் சில ஊசிச் செலுத்தல்களின் மதிப்பை ஒதுக்க வேண்டும். அவசரக்காரர்கள் கைவிடுவது இந்த ஒழுக்கத்தைத்தான்.

நிறை நிறமாலைமானி விலை கூடியது, ஹீலியம் கேட்பது, அடிப்படை வடிவமே 1940களில் ஆல்பிரட் நியர் தந்தது என்ற மறுப்பு உண்டு. எல்லாம் உண்மை. ஆனால் இலை, தண்டு, மண்ணிலிருந்து பிரித்த நீருக்கு அந்தப் பழைய வழியே பாதுகாப்பானது. 25 டிகிரியில் நீரையும் கார்பன் டைஆக்சைடையும் பல மணிநேரம் ஒன்றாக வைத்தால் நீரின் ஆக்சிஜன் வாயுவோடு பரிமாறிக்கொள்கிறது. ஆல்ககாலின் ஆக்சிஜன் அப்படிப் பரிமாறுவதில்லை. கருவி சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. வேறு ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பலாம், அளக்கும்போது உடனிருந்தால் இன்னும் நல்லது. வெற்றிடக் கசிவைத் தேடுவதும் 44, 45, 46 நிறைகளின் மின்னோட்டத்தைக் கவனிப்பதும் கற்றுத்தரும் எச்சரிக்கையை வேறெந்தப் பயிற்சியும் தராது.

ஆகவே பெயருக்கும் புதுமைக்கும் மயங்காமல், உங்கள் இயல்பைப் பாருங்கள். காத்திருக்கப் பிடிக்காதவர் ஆய்வகத்தை விட்டுக் கணினி மாதிரியாக்கத்துக்குப் போகலாம். அதில் இழிவு ஏதுமில்லை. ஆய்வகமே வேண்டும் என்பவர் தலைப்பை உறுதிசெய்யுமுன் ஒரே தண்டு நீரை இரண்டு முறைகளிலும், வியன்னா அளவுகோலில் மதிப்பு நிறுவப்பட்ட குறைந்தது இரண்டு தரநீர்களோடு சேர்த்து அளந்து பாருங்கள். முடிவுகள் ஒத்துவராதபோது, பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு நகராமல், ஏன் என்று தேட உட்காரும் பொறுமை உங்களுக்கு இருந்தால் இந்தத் துறை உங்களுக்குப் பொருந்தும்.