எண்ணெய் தேடியவர் நடத்தும் கதை வகுப்பு

"ஆர்ட்ஸ் காலேஜ் போயிருந்தா நானும் எழுதியிருப்பேன் மச்சி!" ஹாஸ்டல் மாடியில் இந்த டயலாக்கைக் கேட்காத பேட்ச் இருக்காது. லேப், ரெக்கார்ட், அரியர், பிளேஸ்மென்ட் என்று ஓடுகிறவனுக்குக் கதை எழுத நேரம் ஏது என்பது நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் ஓர் அமெரிக்க எழுத்தாளரைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். பெயர் ஜார்ஜ் சாண்டர்ஸ்.

1958-ல் டெக்சாஸில் பிறந்து சிகாகோ பக்கம் வளர்ந்தவர். 1981-ல் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் புவி இயற்பியல் பொறியியல் முடித்தார். நிலத்துக்குள் அதிர்வலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து எண்ணெய் எங்கே இருக்கலாம் என்று கணிக்கிற துறை அது. முதல் வேலை இந்தோனேசியாவின் சுமத்ரா காட்டில். அங்கே குரங்குகளின் கழிவு கலந்த ஆற்றில் நீந்தப் போய், உடம்பு கெட்டு ஊர் திரும்பினார். அதன் பிறகு கட்டட வாயில்காப்பாளர், கூரை வேய்பவர், இறைச்சிக்கூடத் தொழிலாளி என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். நம்ம ஊர் ஹெச்.ஆர். அந்த ரெஸ்யூமைப் பார்த்தால் இரண்டு நிமிஷம் கூட உட்காரச் சொல்லமாட்டார்.

பிறகு சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து படித்து 1988-ல் பட்டம் வாங்கினார். அங்கே அவருக்கு ஆசிரியர் டோபியாஸ் உல்ஃப். சரி, பட்டம் வாங்கியதும் எழுத்தாளர் ஆகிவிட்டாரா? இல்லீங்க. 1989 முதல் 1996 வரை ராசெஸ்டர் நகரில் ஒரு சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டர். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், தினமும் ரிப்போர்ட்.

இந்தக் காலத்தில் கஷ்டப்பட்டு 700 பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதினார். படித்துப் பார்த்த மனைவியால் அதைத் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஆபீஸில் ஒரு கான்ஃபரன்ஸ் கால். குறிப்பெடுக்க வேண்டிய நேரத்தில் போரடித்து, வேடிக்கையான எதுகைப் பாட்டுகளைக் கிறுக்கினார். வீட்டுக்கு எடுத்துப் போனதைப் படித்த மனைவி சிரித்துவிட்டார். இலக்கியம் என்றால் சீரியஸாக இருக்கணும் என்று நினைத்து, தனக்கு இயல்பாக வருகிற நகைச்சுவையை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு வேலைக்கு நடுவே நேரம் திருடி எழுதிய கதைகள் 1996-ல் முதல் தொகுப்பாக வந்தன. அப்போது வயது 37. அடுத்த வருடமே, தான் படித்த சிரக்கியூஸில் ஆசிரியரானார். 2017-ல் 'லிங்கன் இன் தி பார்டோ' நாவலுக்கு மேன் புக்கர் பரிசு கிடைத்தது. அச்சில் வந்த அவருடைய முதல் நாவலே அதுதான்!

இனி பாடத்துக்கு வருவோம். அவர் சொல்லித் தருவதில் நமக்கு உடனே பயன்படுகிற மூன்று விஷயங்கள்.

முதலாவது, நெற்றியில் ஒரு மீட்டர். அதில் ஒரு பக்கம் பாசிட்டிவ், இன்னொரு பக்கம் நெகட்டிவ் என்று கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார். எழுதியதை முதல் தடவை பார்க்கும் வாசகனைப் போலப் படிக்கணும். முள் நெகட்டிவ் பக்கம் சாயும் இடத்தில் மாற்றணும். மறுபடி முதலிலிருந்து படிக்கணும். நமக்கு இது புதுசா என்ன? கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் படித்த ஃபீட்பேக் லூப்தான். ஓர் உதாரணம்: "கவிதா பஸ் ஸ்டாப்பில் மிகவும் சோகமாக நின்றாள்." முள் நகரவில்லை, ஆயிரம் தடவை பார்த்த வாக்கியம். 'மிகவும் சோகமாக' என்பதை எடுத்துவிட்டால் வெறும் நிற்றல்தான் மிச்சம். "கவிதா மூன்றாவது பஸ்ஸையும் விட்டுவிட்டாள்." இப்போது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தக் கேள்விதான் கதை. ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்தப் போய்த்தான் அது கிடைத்தது.

இரண்டாவது, பக்கம் பக்கமாகப் படிப்பது. ரஷ்யச் சிறுகதைகளை வைத்து அவர் பல வருடங்கள் நடத்திய வகுப்பு, 2021-ல் புத்தகமாக வந்தது. செகாவ், துர்கனேவ், டால்ஸ்டாய், கோகோல் ஆகியோரின் ஏழு கதைகள் அதில் இருக்கின்றன. முதல் கதையை ஒரு பக்கம் கொடுத்து நிறுத்துகிறார். இப்போது உனக்கு என்ன தெரியும், எதற்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கம். சர்க்யூட்டில் ஒவ்வொரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது மாதிரி. உங்களுக்குப் பிடித்த எந்தத் தமிழ்ச் சிறுகதையையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, ஒரு பயிற்சி. 45 நிமிஷம், 200 சொற்களில் ஒரு கதை. ஆனால் வெவ்வேறு சொற்கள் மொத்தம் 50-தான் வரலாம். வர்ணித்துத் தப்பிக்க சொல் இருக்காது. அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்போது, சம்பவம் சூடுபிடித்தே ஆகணும். தமிழுக்கு ஒரு சலுகை வைத்துக்கொள்வோம்: வந்தான், வந்தாள், வருவார்கள் எல்லாம் ஒரே சொல்லாகக் கணக்கு.

சாண்டர்ஸுக்கு விருது கிடைத்ததால் நமக்கும் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. செட்டில் ஆனபிறகு எழுதலாம் என்று அவர் காத்திருந்தால் அந்த முதல் புத்தகம் வந்திருக்குமா என்பதுதான் கேள்வி. அவர் பார்த்த ஆபீஸ்களும் தொழிலாளிகளும் மீட்டிங்குகளும்தான் அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. நமக்கு ஒர்க்ஷாப் இருக்கு, இன்டஸ்ட்ரியல் விசிட் இருக்கு, மெஸ் சாம்பார் இருக்கு. இதையெல்லாம் நம்மைத் தவிர யார் எழுதுவார்கள்?

இன்று இரவு ஃபோனில் 45 நிமிஷத்துக்கு டைமர் வையுங்கள். வந்ததை அப்படியே எங்களுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு நாள் கழித்து மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் காத்திருக்கு.